டோக்கன் இல்லாத ராத்திரி

ராத்திரி எட்டு மணிக்கு மூணு இட்லி.
அதுக்கப்புறம் தண்ணீரைத் தவிர
எதுவும் உள்ளே போகவில்லை,
சத்தியமாக.
காலை ஏழரைக்கு மண்டபம் ஆஸ்பத்திரியில்
விரல் நுனியைக் குத்திப் பார்த்தால்
நூற்றி எண்பத்தாறு.

ஸ்தெல்லா என்னைப் பார்த்த பார்வையில்
ஒரு அல்வாப் பொட்டலம் இருந்தது.

மாத்திரை கொடுக்கிற சபுராதான் காப்பாற்றினார்.
"அவரு திங்கலைம்மா.
அவரு ஈரல்தான் அள்ளிப் போட்டிருக்கு."

தின்றது மிஞ்சினால் ஈரல் சேர்த்து வைக்குமாம்.
பட்டினி நேரத்தில் அளந்து அளந்து
ரத்தத்தில் விடுமாம்,
கையிருப்பு தீர்ந்தால்
தானே காய்ச்சியும் கொடுக்குமாம்.
இன்சுலின் வந்து போதும் என்றால்
நிறுத்திக்கொள்ள வேண்டும்.
"ஒங்க ஈரலுக்குக் காது மந்தம், பிரிட்டோ அண்ணே.
விடிய விடிய ஊத்திக்கிட்டே இருக்கு."

பதினாறு வருஷமாக
பாம்பன் ரோட்டு ஐஸ் கம்பெனியில்
கிரஷர் ஓட்டுகிறவன் நான்.
எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

கடலில் காற்று ஏறினால் டோக்கன் கிடையாது.
விசைப்படகெல்லாம் கயிற்றில் ஆடிக்கொண்டு நிற்கும்.
கம்பெனிக்கு ஒரு போன் வரும்:
"இன்னிக்கு உடைக்காதே."
ஒரு ஐப்பசியில் அந்த போன் வரவில்லை.
நான் பாட்டுக்கு உடைத்தேன், நூற்றி நாற்பது பார்.
ஏற்ற ஒரு படகில்லை.
சரிவில் இறங்கி ரோட்டைத் தாண்டி
சாக்கடை வரைக்கும் வெள்ளையாய்ப் போனது ஐஸ்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.

அந்த ராத்திரிதான்
என் விலாவுக்குக் கீழே
தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

மெட்பார்மின்.
ஐநூறு மில்லிகிராம், வெள்ளை.
கணையத்தைப் பிடித்து உலுக்கி
இன்னும் சுர என்று அது கேட்பதில்லை.
ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையை
அதுவே தின்று தீர்ப்பதுமில்லை.
வராமல் போன அந்த போன்,
அவ்வளவுதான் அது.
உடைக்காதே, டோக்கன் இல்லை.
சதைகளிடமும் போய் ஒரு வார்த்தை சொல்லுமாம்,
இன்சுலின் தட்டினால் எழுந்து கதவைத் திறங்க என்று.
குடலிலும் ஏதோ வேலை பார்க்கிறது,
அங்கே என்ன செய்கிறதென்று
பெரிய படிப்பு படித்தவர்களே
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

அது மட்டும் தனியாகப் போட்டால்
சர்க்கரை ஒரேயடியாகக் கீழே விழுவது அபூர்வம் என்றார் சபுரா.
எனக்குப் புரிந்தது.
குறைச்சு உடை என்கிற போன்
கம்பெனிக்குப் பூட்டுப் போடாது.

முதல் வாரம் வயிறு
வாடைக்காற்றுக் கடல்.
கிரஷரை நிறுத்திவிட்டு நான் ஓடிய ஓட்டத்தை
லோடுமேன்கள் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள்.
வாயில் நங்கூரத்தை நக்கிய ருசி.
"வெறும் வயித்தில போட்டீங்களா?
சோத்தோட போடுங்க, அடங்கிரும்.
கிட்னியை டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும்.
குடி உண்டா?"
எனக்கு முன்னால் ஸ்தெல்லா பதில் சொன்னாள்,
நாள் கிழமையோடு.

இப்போது காலையில் நூற்றி இருபத்தொன்று.
சோறு பாதியானது, நடந்து வேலைக்குப் போவது,
அதற்கும் இதில் பங்குண்டு.
எனக்கு எந்தப் பெருமையும் இல்லை.
சர்க்கரை எங்கேயும் ஓடிவிடவில்லை,
கிடங்கு அங்கேயேதான் இருக்கிறது.

ஒன்றுதான் குடைகிறது.
வருஷக்கணக்கில் போட்டால்
பி பன்னிரண்டு சத்து குறையலாமாம்.
"கால் மரத்துப் போனா சொல்லுங்க" என்றார்.
சர்க்கரையே காலை மரக்கச் செய்யும் என்றும் சொன்னார்.
ஐஸில் நின்ற கால்
என்றைக்கு மரக்காமல் இருந்தது?
எது மாத்திரை, எது சர்க்கரை, எது கம்பெனி
என்று எப்படிப் பிரிப்பேன்?

நேற்று மத்தியானம் ஷிப்ட் முடிந்து
தெற்குவாடி மணலில்
செருப்பைக் கழற்றி நின்றேன்.
வலது கால் உடனே சுட்டது.
இடது கால்
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுட்டது.

திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறேன்.
ஸ்தெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.